பதில் வராதவர்களுக்கும் மைக் கொடுங்கள்: நம் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஐயரவர்களுக்கும், சபை ஊழியர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளில் ஊழியம் செய்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுக்கிறவள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பாய் விரிப்பதிலிருந்து காணிக்கைக் கணக்கு எழுதுவதுவரை எல்லா வேலையும் பார்த்திருக்கிறேன். பிரசங்க பீடத்தில் ஏறியது கிடையாது. குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று ஆரம்பித்தால் அது பொய்யாகிவிடும். குறையும் இருக்கிறது, ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. எங்கள் சபையின் பெயரைப் போடவில்லை. எந்தச் சபையின் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

விஷயம் சாட்சி நேரம்: தேவன் தங்களுக்குச் செய்ததை ஆராதனையில் சபையார் எழுந்து சொல்கிற நேரம்.

"சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம்" என்று நீங்கள் அறிவித்ததும் யார் எழுந்து வருவார்கள் என்று பெஞ்சில் இருக்கிற எங்களுக்கு ஏறக்குறைய தெரியும். மகளுக்குக் கனடா வீசா கிடைத்தவர் வருவார். மகனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தவர் வருவார். நாள்பட்ட கோர்ட் கேஸ் முடிந்தவர், விற்காமல் கிடந்த நிலம் நல்ல விலைக்குப் போனவர், ஸ்கேனில் தெரிந்த கட்டி அடுத்த ஸ்கேனில் காணாமல் போனவர். கஷ்டம், உபவாசம், ஜெயம் என்று எல்லாம் ஒரே வரிசையில் வரும். "கர்த்தர் அடைபட்ட வாசலைத் திறந்தார்" என்று முடியும். நாங்கள் கைதட்டுவோம், ஆமென் சொல்லுவோம். அந்தச் சாட்சிகளை நான் சந்தேகப்படவில்லை. பிள்ளைக்கு சீட் கிடைத்த தாய் தேவனுக்கு நன்றி சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லுவாள்? சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள் என்றுதானே வேதமும் சொல்கிறது.

ஆனால் மைக் முன்னால் வராத சாட்சிகள் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஓர் அக்கா பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறார். கணவர் குடிப்பவர். அவருக்காக இந்த அக்கா ஜெபிக்காத நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போதே கோவிலுக்கு வந்துவிடுவார். ஒருநாள் குழாயடியில் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார்: "அவரு இன்னும் திருந்தல டீச்சர். ஆனா அந்த மனுஷன் மேல எனக்கு இருந்த கசப்பு போயிட்டு. எப்பப் போச்சு, எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியல. இப்ப ராத்திரி நல்லாத் தூங்குறேன். வேலை செய்யும்போது பாட்டு வருது."

இதைச் சபையில் சொல்லலாமே அக்கா என்று கேட்டேன். "ஜெபம் கேக்கப்பட்ட பிறகு சொல்றேன் டீச்சர். இப்ப என்னத்தச் சொல்ல?" என்றார்.

ஐயா, இந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. கசப்பு நீங்கி, தூக்கம் வந்து, வாயில் பாட்டு வருகிற ஒரு பெண், தன்னிடம் சாட்சி எதுவும் இல்லை என்று நினைக்கிறார். அதை அவருக்கு யாரும் வாய்திறந்து சொல்லிக் கொடுக்கவில்லை. வாராவாரம் யார் மைக் முன்னால் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அவரே கற்றுக்கொண்டார்.

வேறு சிலரும் அதையே கற்றுக்கொள்கிறார்கள். பிள்ளை இல்லாத தம்பதியர் ஒவ்வொரு தொட்டில் சாட்சியையும் தலையைக் குனிந்து கேட்கிறார்கள். நீட் தேர்வில் தவறிய பையன், தன்னோடு படித்தவன் சாட்சி சொல்லும்போது அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்காகவும் இதே உபவாசக் கூட்டத்தில்தான் ஜெபித்தோம். அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் என்று அவன் கேட்பானா மாட்டானா? வெளியே கேட்க மாட்டான். வீட்டுக்குப் போய், தன் விசுவாசத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வான். சில நேரம் நம்மில் யாராவது அவனிடமே அதைச் சொல்லியும் விடுகிறோம்.

நீங்கள் எங்களுக்குப் பிரசங்கித்த வேதத்தில் பதில் வராத ஜெபங்கள் நிறைய இருக்கின்றன. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் வந்தது. அதை அவர் மறைக்காமல் கொரிந்து சபைக்கு எழுதினார். முள் போன பிறகு எழுதலாம் என்று பவுல் காத்திருந்திருந்தால் நமக்கு அந்த வசனமே கிடைத்திருக்காது. அப்புறம் துரோப்பீமு. அவரைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று பவுல் எழுதுகிறார். பவுலுடைய உறுமாலையும் கச்சையும் வியாதிக்காரர்மேல் போட்டால் வியாதி நீங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அதே பவுல், தன் கூட இருந்த ஊழியக்காரனை வியாதியோடு விட்டுவிட்டு வருகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தை இல்லை. நம் சபையாக இருந்தால் அவரைப் பற்றி என்ன பேசியிருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

88-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது துதியில் திரும்பும்; இது திரும்பாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடும். அதைக் கோராகின் புத்திரர் பாட்டாகப் பாடினார்கள் என்று தலைப்பிலேயே இருக்கிறது. அதாவது, இப்படி முடிகிற ஒன்றைச் சபை நடுவில் பாட அவர்களுக்கு அனுமதி இருந்தது. எனக்குத் தெரிந்து, புதுவருஷத்தில் ஆளுக்கொரு வசனம் எடுக்கிற நம் வாக்குத்தத்த அட்டைகளில் 88-ஆம் சங்கீதம் அச்சானதில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை, சரி. புதுவருஷத்தன்று யாருக்காவது அந்த அட்டை வந்தால் பாவம்.

இதைச் சொல்லும்போது, டீச்சர் எல்லாரையும் அழவைக்கப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். நான் கேட்பது சந்தோஷத்துக்காகத்தான். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்" என்ற வசனம் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதை எழுதியவர் எங்கே இருந்து எழுதினார் என்று கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். பிலிப்பியர் நிருபம் கட்டப்பட்ட நிலையில் எழுதியது. விடுதலை ஆவோமா சாவோமா என்று தெரியாத நேரத்தில், "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். கற்றுக்கொண்டேன் என்றால் அதற்கு நாள் பிடித்திருக்கிறது. பீடி சுற்றும் அக்காவிடம் நான் கண்டதும் அந்த ரகச் சந்தோஷம். வீசா வந்த சந்தோஷம் விமான நிலையம்வரை பொங்கும். அப்புறம் அங்கே வாடகை, குளிர், வேலை என்று அடுத்த ஜெபக்குறிப்பு ஆரம்பிக்கும். சூழ்நிலை மாறாமலே வருகிற சந்தோஷத்தைப் பற்றிக் கேட்க எங்களுக்கு ஆசை. அதை யார் சொல்லித் தருவார்கள்? கற்றுக்கொண்டவர்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் பின்பெஞ்சில் இருக்கிறார்கள்.

நம் மண்ணின் சபைச் சரித்திரத்தைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மாள் கட்டின கோவிலைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த அம்மாள் ஒரு பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்தவர். அந்த அதிகாரி மூலம்தான் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. மறுக்கப்பட்ட அந்தக் காலத்திலும் அவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் அவருடையது. 1785-ல் கோவில் பிரதிஷ்டையானது. இன்று அவர் நம் சபையில் எழுந்து தன் கதையைச் சொல்ல வந்தால், முழுக்கச் சொல்ல விடுவோமா, இல்லை நடுவில் ஒரு பாட்டைப் போட்டு மைக்கை வாங்கிவிடுவோமா? திருநெல்வேலித் திருச்சபையின் ஆரம்பமே கரடுமுரடான ஒரு சாட்சியில் இருக்கிறது.

டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1895-ல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் டோனாவூரில் இருந்து, இந்துக் கோவில்களுக்கு விடப்பட இருந்த பெண்பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர். 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். டோனாவூர்க் குடும்பம் முழுவதும் அவருக்காக ஜெபித்தது. அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அந்த ஒரே அறையில் வலியோடு கிடந்தார். அந்தப் படுக்கையில் இருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். வியாதிக்காரர்களுக்காகவே எழுதினவையும் அவற்றில் உண்டு. சுகமுள்ளவர்கள் எழுதும் ஆறுதல் வார்த்தைகள் வியாதிக்காரர்களுக்கு எப்படிப் படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அவரை அடக்கம்பண்ணின இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்திருக்கிறார்கள். டோனாவூருக்கு வேன் வைத்துக்கொண்டு பிக்னிக் போகிற நம் வாலிபர் சங்கத்தார் இதையும் கேட்க வேண்டும். கால் சுகமாகாத அந்த இருபது ஆண்டுகளுக்கு நம் சாட்சி நேரத்தில் எங்கே இடம் இருக்கிறது?

சரி, இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லத் தயக்கம்தான், ஆனால் சொல்லாமல் விட முடியாது. "மாத்திரையைத் தூக்கிப் போட்டேன், கர்த்தர் சுகம் தந்தார்" என்ற சாட்சிகள். எங்கள் சபையிலும் கேட்டிருக்கிறேன். கன்வென்ஷன் பந்தலில் அதற்குப் பெரிய ஆரவாரமே எழும்பும். சொன்னவர் நன்றாகவே இருக்கலாம். அதைக் கேட்டு வீட்டுக்குப் போய் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவரைப் பற்றி யார் பொறுப்பெடுப்பது? காசநோய்க்கு வழக்கமான மருந்தே குறைந்தது 6 மாதம் சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் பாதியில் விட்டால் அந்த மருந்துக்கே அடங்காத நோயாகத் திரும்பி வரலாம். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் சபைகளில் அதை ஒளித்துச் சாப்பிடுகிறார்கள். வலிப்பு மாத்திரையும் அப்படித்தான்.

லூக்கா வைத்தியர். பவுல் அவரைப் பிரியமான வைத்தியன் என்றுதான் எழுதுகிறார். ஊழியத்துக்கு வந்த பிறகு அந்தப் பட்டத்தை எடுத்துவிடவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னதும் அதே பவுல்தான். நம் நாட்டிலேயே வேலூர் சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எப்படி உண்டானது என்று பாருங்கள். ஐடா ஸ்கடர் மிஷனரி வீட்டுப் பெண். ஊழியம் வேண்டாம், அமெரிக்காவுக்கே திரும்பிவிட வேண்டும் என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைத் தேடி வந்தார்கள். ஆண் டாக்டரான அவர் அப்பாவை வீட்டுக்குள் விட அவர்களுக்கு மனமில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவில் எடுத்த முடிவின்படி அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். விசுவாசம் அங்கே ஆஸ்பத்திரியாக எழும்பியது. அந்தப் பாரம்பரியத்தில் வந்த நாம், மருந்தை விட்டதைச் சாட்சி என்று கைதட்டுவது எனக்குப் புரியவில்லை. அப்படி ஒருவர் சொல்லிவிட்டால், அதே மைக்கில், அந்த நிமிஷமே, "டாக்டரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் சொல்லுங்கள். சாட்சி சொன்னவர் ஒரு கணம் முகம் வாடலாம். பரவாயில்லை.

காணிக்கைக் கவரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சாட்சியோடு ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பது நம் நல்ல வழக்கம். ஆனால் சாட்சி சொல்ல வேண்டுமானால் கவரோடுதான் போக வேண்டும் என்ற எண்ணம் சனங்களுக்குள் வந்துவிட்டது. கையில் ஒன்றும் இல்லாத வாரத்தில் அவர்கள் வாயையும் மூடிக்கொள்கிறார்கள். இரண்டையும் கொஞ்சம் பிரித்து வையுங்கள், அவ்வளவுதான். யூடியூப் நேரலையும் அப்படித்தான். தன் வீட்டுச் சண்டையையும், மகளின் குழந்தைப்பேறு சிகிச்சையையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டு இறங்கிய ஒரு தாய்க்கு, அது மாப்பிள்ளை வீட்டார் போன்வரைக்கும் போய்ச் சேரும் என்பது தெரியாது. சாட்சி நேரத்தில் கேமராவை நிறுத்திவிட்டால் என்ன குறைந்துவிடும்? வெளியூரில் இருந்து பார்க்கிறவர்கள் ஐந்து நிமிஷம் சிலுவைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கோவிலுக்கு உள்ளே இப்படிப் பழகுவதால் வெளியே என்ன நடக்கிறது என்பதையும் எழுத வேண்டும். எங்கள் வாலிபப் பிள்ளைகள் ஆபீஸிலும் காலேஜிலும் தங்கள் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாமல் தவிக்கிறார்கள். "எனக்குப் பெருசா ஒண்ணும் நடக்கலையே டீச்சர், நான் என்னத்தச் சொல்ல?" என்று ஒரு பெண்பிள்ளை என்னிடம் கேட்டாள். கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, ஒழுங்காக வளர்ந்து, குடியும் இல்லை, கொலையும் இல்லை, மரணப் படுக்கையும் இல்லை. அவளுக்குத் தெரிந்த மாதிரிச் சாட்சியில் அவளுக்கு இடம் இல்லை. இன்னொரு பக்கம், சாட்சி என்றால் அடுத்தவர் கும்பிடுகிற தெய்வத்தைக் குறை சொல்வது என்று நினைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் கண்டதையும் அனுப்புகிற தம்பிமாரும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மனம் புண்பட்டதுதான் அதில் மிச்சம்.

பேதுரு எழுதினது இரண்டு தரப்பாருக்கும் பொருந்தும். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு என்று இருக்கிறது. அப்படியானால், கேட்கும்படியாக முதலில் நம்மிடம் ஏதாவது தெரிய வேண்டும். மேலதிகாரி திட்டின அன்றைக்கும் பியூனிடம் எரிந்து விழாத ஒருவரைப் பார்த்து, "உங்களால எப்படி இப்படி இருக்க முடியுது?" என்று யாராவது ஒருநாள் கேட்பார்கள். அப்போது சொல்ல இரண்டு வரி இருந்தால் போதும். பிறவியிலேயே குருடனாயிருந்தவன் பரிசேயரிடம் சொன்ன ஒரு வரியைப் பாருங்கள்: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." இயேசு பாவியா என்ற அவர்கள் கேள்விக்கு, தெரியாது என்றுதான் சொன்னான். கல்லறைகளில் கிடந்து சுகமான மனுஷன் இயேசுவோடே படவில் வருகிறேன் என்று கெஞ்சினான். அவர் அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப்போய், கர்த்தர் உனக்கு இரங்கி, உனக்குச் செய்தவைகளையெல்லாம் அவர்களுக்கு அறிவி" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். வீட்டாருக்கு நம் முழு லட்சணமும் தெரியும்.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயரவர்களை நாம் நூற்றாண்டு விழா மலர்களில் மட்டும் வைத்திருக்கிறோம். பாளையங்கோட்டையில் 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிக்க முன்நின்று, பிறகு தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போய், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அங்கே சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத, தீண்டாமைக்கு ஆளான விவசாயக் கூலிகள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கையை வைத்துக்கொண்டு, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லவைப்பாராம். பவுலின் வார்த்தையை ஒரு கூலிக்காரர் தன் தலையில் கைவைத்துச் சொல்கிறார். முதலில் படித்துவிட்டு வா, கடனை அடைத்துவிட்டு வா, உன் கஷ்டம் தீர்ந்த பிறகு பேசலாம் என்று அசரியா யாருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த மனுஷர்களின் வறுமையும் தீரவில்லை, ஊர் அவர்களை நடத்தின விதமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை.

ஆகவே ஐயா, நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது, பதில் வராத ஜெபத்தோடு விசுவாசத்தில் நிற்கிற ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். திடீரென்று பெயர் சொல்லி எழுப்பிவிட வேண்டாம். வீடு சந்திப்புக்குப் போகும்போது முன்கூட்டியே கேளுங்கள். சாட்சி உண்மையா, அளவோடு இருக்கிறதா, அதில் வேறு யாருடைய மானமாவது போகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். வீடு சந்திப்பு இப்போது தொண்ணூறு சதவீதம் வியாதியும் சாவும் நடந்த வீடுகளுக்குத்தான் என்று உங்களில் சிலர் என்னிடமே வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த வீடுகளில்தான் நான் சொல்கிற சாட்சிகளும் இருக்கின்றன. பேச்சு வராதவர்கள் எழுதித் தரட்டும், அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் வாசிக்கட்டும். இரண்டு நிமிஷம் போதும். பேசி முடித்ததும், "சீக்கிரத்தில் கர்த்தர் அற்புதம் செய்வார்" என்று அவசரப்பட்டு நீங்கள் அதை முடித்து வைக்காதீர்கள். ஒருவர் தன் பாரத்தைச் சொல்லி, அதிலும் தேவன் என்னோடு இருக்கிறார் என்றால், ஆமென் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

சந்தோஷச் சாட்சிகளையும் சின்ன அளவில் கேளுங்கள். எங்கள் பெண்கள் சங்கத்தில் இன்னும் கைப்பிடி அரிசி எடுக்கிறோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடுகிற வழக்கம். மிசோரம் சபைப் பெண்கள் 1910-ல் ஆரம்பித்த இதே வழக்கத்தை இன்றும் விடாமல் நடத்தி மிஷனரிகளைத் தாங்குகிறார்கள். எங்கள் சங்கத்தில் அந்தப் பானை எத்தனையோ கஷ்டமான மாதங்களைப் பார்த்திருக்கிறது. வீட்டில் அரிசி குறைந்த வாரத்திலும் அந்தக் கைப்பிடியைப் போட்டபோது மனசில் என்ன இருந்தது என்று விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில் ஒரு பாட்டியைக் கேளுங்கள். ஏலத்தில் போன வாழைத்தாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற நேரத்தில் பாதி அதற்குப் போதும்.

ஓய்வுநாள் பள்ளியை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வாரம் எதற்காகச் சந்தோஷப்பட்டாய், எதற்காக இன்னும் காத்திருக்கிறாய் என்று இரண்டையும் பிள்ளைகளிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறோம். ஒரு பையன் தன் ஆட்டுக்குட்டி காணாமல் போனதையும், ஜெபித்தும் அது கிடைக்காததையும், அப்பா தன்னை அடிக்காமல் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டதையும் சொன்னான். மற்ற பிள்ளைகள் வாயைத் திறக்காமல் கேட்டார்கள். சாதாரணமாக அந்த வகுப்பில் அது நடக்கிற காரியம் அல்ல.

அந்த அக்காவிடம் பேசிவிட்டேன். ஐயர் கேட்டால் சொல்வாயா என்றதற்கு, "ஐயரா? என்கிட்டயா?" என்று சிரித்தார், மாட்டேன் என்று சொல்லவில்லை. டிசம்பர் 31-ஆம் தேதி இரவு ஆராதனைக்கு முன்னால் எங்கள் தெருப் பக்கம் வந்தால் நீங்களே கேட்கலாம். அப்புறம் ஒன்று: முட்டுவலிக்காரர்கள் படியேறி முன்னால் வரத் தயங்குகிறார்கள். கமிட்டியார் அந்த வயர் இல்லாத மைக்கைப் பழுது பார்த்து பெஞ்சுக்கே கொண்டுவர ஏற்பாடு செய்தால் உதவியாக இருக்கும்.

கர்த்தருக்குள்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை